ஆரோக்கியநாதர் தூக்கிய கட்டில்

ஆரோக்கியநாதர் பீடத்தை விட்டு இறங்கி மெற்றில்டா வீட்டுக்கு நடந்து போன முற்பகலில், எங்கள் நெடுந்தாழைக் கடற்கரையில் சாளைமீன் ஏலம் சூடாக நடந்துகொண்டிருந்தது. அதனால் பார்த்தவர்கள் எல்லாரும் அரைக்கண்ணால்தான் பார்த்தார்கள், மீதிக் கண் கூடைமேல் இருந்தது. மர அங்கியைச் சற்றே தூக்கிப் பிடித்துக்கொண்டு, தொடையில் செதுக்கிய புண் வெயிலில் சிவப்பாய்த் தெரிய, வாயில் ரொட்டி கவ்விய, மரத்தில் செதுக்கிய நாய் பின்னாலேயே டொக் டொக்கென்று வர, அவர் ஏலக் கூட்டத்துக்கு ஒதுங்கி வழிவிட்டு, ஐஸ் கம்பெனிச் சந்தில் திரும்பி, ஊர்விலக்கு வைத்திருந்த அந்த ஒரே வீட்டின் படலைத் திறந்து உள்ளே போனார். ஆள் உயரத்துக்கு ஒரு சாண் குறைவானவர் என்பதால் வாசல்நிலையில் குனியவேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை. சற்று நேரத்தில் படலைச் சாத்த மறந்ததை நினைத்துத் திரும்பி வந்து சாத்திவிட்டும் போனார்.

கொள்ளைநோய்க் காலத்தில் ஊர் ஊராகப் போய் நோயாளிகளைத் தொட்டுத் தூக்கியவர், கடைசியில் தானும் நோய்கண்டு காட்டில் ஒதுங்கிக் கிடக்க, ஒரு நாய் ரொட்டி கொண்டுவந்து காப்பாற்றப் பிழைத்தவர் என்று அவரைப்பற்றி எங்களுக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்தோம்? பீடத்தில் ஏற்றிக் கண்ணாடி போட்டு, ஆண்டுக்கொரு முறை கொடியேற்றிச் சப்பரத்தில் சுற்றி, காய்ச்சலுக்கும் கல்யாணத்துக்கும் பரிந்து பேசச் சொல்லி மெழுகுதிரி கொளுத்தினோம். அவரும் முடிந்தவரை பேசிக்கொண்டுதான் இருந்தார்.

மெற்றில்டாவையும் சொல்லிவிடுகிறேன். அவளும் கஸ்பாரும் எங்கள் ஊரில் ஞானஸ்நானம் பெற்று, எங்கள் கோயிலில் தாலி கட்டி, பிழைக்கப்போன நகரத்தில் மார்மன் சபையில் சேர்ந்தவர்கள். ஊர் அதை மார்மன் என்று சொன்னால் அவள் விடமாட்டாள், இயேசு கிறிஸ்துவின் பிற்காலப் பரிசுத்தவான்கள் சபை என்று மூச்சுப் பிடித்து முழுப்பெயரையும் சொல்லித் திருத்துவாள். டீ குடிக்கமாட்டார்கள், காப்பி குடிக்கமாட்டார்கள், சாராயம் வாசனைகூட ஆகாது, மாதத்தில் ஒரு ஞாயிறு பட்டினி கிடப்பார்கள். இதெல்லாம் எங்களுக்கு வேடிக்கைதானே ஒழிய வருத்தம் இல்லை. வருத்தம், மறுபடியும் ஞானஸ்நானம் வாங்கியதில். பிறந்ததிலிருந்து கடலில் முங்கி எழுந்த கஸ்பாரை ஒரு தொட்டியில் முக்கி எடுத்தார்கள் என்று கேள்விப்பட்டபோது, எங்கள் சாமியார் ஊற்றிய தண்ணீர் என்ன தண்ணீராம் என்று ஊரே கொதித்தது. இதைவிடவும் பெரிய கொதிப்பு அந்தச் சபையின் பெயரால் வந்தது. உயிரோடு உலவுகிறவர்கள், சட்டை போட்டவர்கள், தலைவலிக்கு மாத்திரை போடுகிறவர்கள், தங்களைத் தாங்களே பரிசுத்தவான்கள் என்று சொல்லிக்கொள்வதா? எங்கள் கணக்கில் ஒருவர் புனிதராக வேண்டுமென்றால் முதல் வேலையாகச் சாகவேண்டும்.

பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துபோன கஸ்பாரை அவள் ஊருக்குத் திரும்பக் கொண்டுவந்தபோது, ஊர்க் கமிட்டி கூடி விலக்கு வைத்தது. வீட்டுக்குள் யாரும் போகக்கூடாது, அவர்களுக்கு மணி அடிக்கக்கூடாது, செத்தால் ஊர்ப் பொதுச் சவப்பெட்டியான தூம்பாவில் வைத்துத் தூக்கக்கூடாது, கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது. கையெழுத்துப் போட்ட தலைவர் மெல்கியோர், கஸ்பாரின் கூடப்பிறந்த அண்ணன். மூன்று ராஜாக்கள் திருநாளில் நேர்ந்து பெற்ற பிள்ளைகளுக்கு அந்த ராஜாக்களைப்போலவே மெல்கியோர், கஸ்பார், பல்த்தசார் என்று பெயர் வைத்தாள் அவர்களுடைய அம்மா. பல்த்தசார் கடலோடு போய்விட்டான். மிச்சம் இருந்த இரண்டு ராஜாக்களில் ஒருவர் மற்றவரைத் தள்ளிவைத்தார்.

கஸ்பாருக்குப் பேச்சும் போய்விட்டது, ஒரே ஒரு வாக்கியம் மட்டும் எப்படியோ தப்பித்து நாக்கில் ஒட்டிக்கொண்டிருந்தது. "அம்மாகிட்ட படுக்கணும்." கல்லறைத் தோட்டத்தில் அம்மாவின் குழிக்கு வடக்கே வேப்பமரத்தடியில் ஓர் ஆள் கிடக்கிற அளவுக்கு இடம் இருந்தது. பசித்தாலும் அதைத்தான் சொன்னான், வலித்தாலும் அதைத்தான் சொன்னான். மெற்றில்டா ஒவ்வொரு முறையும், "படுப்பிய, நான் படுக்க வைக்கேன்" என்று பதில் சொன்னாள். எப்படி என்று அவளுக்கும் தெரியாது. ஆனால் அவள் வாயிலிருந்து ஒரு சொல் வந்தால் அது வந்ததுதான்.

ஆரோக்கியநாதர் அந்த வீட்டில் என்ன செய்கிறார் என்பது ஊருக்கு உடனே தெரிந்துவிட்டது, வேலி அப்படிப்பட்ட வேலி. கஸ்பாரைப் புரட்டிப் போட அவர் விரிப்பின் ஒரு முனையைப் பிடித்தார், மறுமுனையை மெற்றில்டா பிடித்தாள். படுக்கைப்புண்ணுக்கு மருந்து வைக்கும்போது அவர் முதுகைத் தாங்கிக்கொண்டார். மலச்சட்டியைக் கழுவிக் கவிழ்த்தார். மரநாய் கட்டிலுக்கடியில் படுத்துக்கொண்டது, ரொட்டியை மட்டும் கீழே வைக்கவில்லை.

முதல் கொஞ்ச நாள் நாங்கள் வெறும் பீடத்துக்கே மெழுகுதிரி கொளுத்தினோம். அந்தோணியார் பக்கத்துப் பீடத்தில் சும்மா இருக்கிறாரே என்று சிலர் அவரிடம் மனுவை மாற்றிப் போட்டார்கள். பிறகு, ஆள் இருக்கிற இடத்தில் போய்க் கேட்பதுதான் முறை என்று முடிவாகி, விலக்கு மீறாமல் வேலிக்கு வெளியே முழந்தாளிட்டோம். உள்ளே அவர் மூத்திரத்துணி பிழிந்துகொண்டிருக்க, வெளியே நாங்கள் பிரார்த்தனை சொன்னோம், ஒவ்வொரு பிழிவுக்கும் ஒரு "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்." அவர் தெருக்குழாய்க்குக் குடத்தோடு வந்தால் பெண்கள் வரிசையை விட்டு விலகி, "ஐயாவுக்கு மொதல்ல விடுங்கடி" என்றார்கள். அவரோ கடைசியில் போய் நின்றார், வரிசை முழுக்க அவருக்குப் பின்னால் போய் நின்றது, அப்படியே வரிசை குழாயை விட்டு நகர்ந்து நகர்ந்து பள்ளிக்கூடம் வரைக்கும் போய்விட்டது, அன்றைக்குக் குழாயில் தண்ணீர் பிடித்தவர் யாரும் இல்லை. துணி காயப்போடுகிறவர் கழுத்தில் ஒருத்தி எட்டி மாலையைப் போட்டாள். கைக்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று அவர் அதைக் கழற்றிக் கொடியிலேயே விரிப்புக்கு அடுத்தாற்போல் காயப்போட்டார்.

மெற்றில்டாவுக்குப் பொறுக்கவில்லை. இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு வேலிக்கு வந்தாள். "மாலையப் போட்டுட்டுப் போறவளுக்கு ரெண்டு கொடம் தண்ணி எடுத்துட்டு வந்தா கையா முறிஞ்சிரும்? அவிய ஒத்த ஆளா எம்புட்டுத்தான் செய்வாவ?"

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. எங்களுக்கும் அது தெரிந்தது. ஆனால் கமிட்டித் தீர்மானம் இருந்ததால் இன்னொரு மாலை வாங்கி வந்தோம்.

திருவிழா நெருங்கியது. புனிதர் இல்லாத சப்பரத்தை எப்படி இழுப்பது என்று கமிட்டி கையைப் பிசைந்தது, பங்குச் சாமியார் ரெமிஜியுஸ் அடிகளைத் தூது அனுப்பியது. சாமியார் நல்ல மனிதர், விலக்கு வைத்தபோதே வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தவர், சொன்னதோடு நிறுத்திக்கொண்டவர். வீட்டுக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். மெற்றில்டா சுக்குத் தண்ணீர் கொடுத்தாள். டீ இல்லாத வீட்டில் உட்கார்ந்து பேசுவது அவருக்கு முதலில் சற்றுக் கஷ்டமாகத்தான் இருந்தது.

"மெற்றில்டா, ஒங்க சபையில எல்லாருமே புனிதர்தானாம்மா?"

"ஆமா சாமி. கரண்டு வேல பாக்குற தேவராசு அண்ணன், ஆசுபத்திரில நர்சா இருக்குற செலின், நான், படுக்கையில விழுறதுக்கு முன்ன எங்க வீட்டுக்காரர். முறை வச்சுச் சபைவீட்டுக் கக்கூசக் கழுவுறோம். சீக்காளி வீட்டுக்கு ரெண்டு ரெண்டு பேராப் போறோம். கழுவி முடிச்சாச்சுன்னு யாரும் சொல்லல, கழுவிக்கிட்டே இருக்கோம். அதுக்குத்தான் அந்தப் பேரு."

"நாங்க அப்பிடி லேசுல குடுக்கிறதில்ல. ஒருத்தர் செத்து, அவர் பேரச் சொல்லிப் புதுமை நடந்து, ரோமாபுரியில வருசக்கணக்கா விசாரிச்சு, அப்புறந்தான்."

"செத்தவுகளுக்கு மட்டுந்தான்னு வச்சுட்டா, உசுரோட இருக்கவுக தப்பிச்சுக்கிடுதாவல்லா சாமி?"

சாமியார் சிரித்துவிட்டார். பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, மெதுவாகத்தான் சொன்னார். "தப்பிக்கவும் வழியிருக்குதான். ஆனா அது மட்டும் இல்லம்மா. அலையில தோணி கவிழ்ந்து கெடக்கிறவனுக்கு, இதே அலையில ஒருத்தர் நீந்திக் கரையேறி, அங்கன நின்னு நம்மளப் பாத்துக்கிட்டிருக்கார்னு தெரிஞ்சா, கை காலுக்கு ஒரு பெலம் வரும். அதுக்குத்தான் விசாரிக்கோம். அவர் நெசமாவே கரையேறிட்டாரான்னு."

மெற்றில்டா அவர் டம்ளரில் இன்னும் கொஞ்சம் சுக்குத் தண்ணீர் ஊற்றினாள். அவளும் கொழுந்தனைக் கடலுக்குக் கொடுத்தவள்தானே. "அது நல்ல காரியந்தான் சாமி" என்றாள். "எங்க அம்மாவும் இந்த ஆரோக்கியநாதர்கிட்டத்தான் அழுவா."

"நீ என்னன்னு செபிச்சு இவர வரவச்ச?"

"செபிக்கல சாமி. எங்க சபையில புனிதருககிட்டச் செபிக்கிறதில்ல. வீட்டுக்காரரப் பொரட்ட முடியாம என் இடுப்பு முறிஞ்சு போச்சு. ஊர்ல ஒரு மனுசன் எட்டிப் பாக்கல. தண்ணிக்குப் போறப்ப கோயில் தெறந்து கெடந்திச்சு, உள்ள பீடத்துல இவிய நிக்காவ. சீக்காளியத் தூக்குனவர்னு சின்னப் புள்ளையில படிச்சிருக்கேன். பரிசுத்தவான்னா எங்களுக்கு இன்னொரு சகோதரர்தான. வெளியில நின்னே, சகோதரரே, சும்மாதான நிக்கிய, வந்து ஒரு கை பிடிங்கன்னு கூப்பிட்டேன். கோவத்துலதான் கூப்பிட்டேன். வந்துட்டாவ."

சாமியார் திரும்பி ஆரோக்கியநாதரைப் பார்த்தார். அவர் மூலையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். இத்தனை தலைமுறையாய் நாங்கள் அத்தனை பேரும் அவரைக் கடவுளிடம் பேசச் சொல்லியே கேட்டிருந்தோம், வீட்டுக்கு வா என்று ஒருவரும் கூப்பிட்டிருக்கவில்லை. கோயிலை விட்டுப் போனவள்தான் கூப்பிட்டாள். சாமியார் இதைக் கமிட்டியில் வந்து அப்படியே சொன்னார். யாருக்கும் பிடிக்கவில்லை.

கொடியேற்றத்துக்கு முந்தின நாள் விடிந்தபோது கஸ்பார் இறந்திருந்தான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பஸ் மாறி மாறி வருகிற தேவராசும் செலினும் நல்லவேளையாக முந்தின நாளே வந்திருந்தார்கள். குளிப்பாட்டி, வெள்ளைத்துணி உடுத்தி, வாய் திறந்துகொள்ளாமல் நாடியைக் கட்டினார்கள். கோயில் மணி அடிக்கவில்லை. மணி அடிக்காத சாவு எங்கள் ஊரில் அதுவரை நடந்ததில்லை, அதனால் என்ன செய்வதென்று தெரியாமல் எல்லாரும் வீட்டு வாசலில் வந்து நின்றோம். அடுப்பு மூட்டுவதா வேண்டாமா என்றுகூடத் தெரியவில்லை.

மெல்கியோர் கமிட்டி ஆட்களோடு வேலிக்கு வெளியே வந்து நின்றார். கண் சிவந்திருந்தது, ஆனாலும் தலைவர் குரலில்தான் பேசினார். "நாளைக்குக் கொடியேத்தம். ஐயாவ அனுப்பி வையி. கோயில்ல எல்லார் முன்னயும் முழங்கால்ல நின்னு, நாங்க போனது தப்புன்னு ஒரு வார்த்த சொல்லு. மணி அடிக்கச் சொல்லுதேன், தூம்பா தாறேன், அம்மாகிட்டயே எடம் தாறேன்."

"அத்தான், ஒங்க தம்பிக்கு அவிய சபையில நல்லது கெடச்சிச்சு. சாராயத்த விட்டாவ. என்னய அடிக்கிறத விட்டாவ. அது தப்புன்னு அந்த முகத்தப் பாத்து நான் சொல்லவா? செத்த மனுசன் எந்திரிச்சு மறுத்துப் பேச மாட்டார்னா?"

"அப்ப ஐயாவ மட்டுமாது அனுப்பு."

"நான் யாரு அவியள அனுப்ப? கூப்பிட்டேன், வந்தாவ. நீங்களும் கூப்பிடுங்க. வேண்டிக்கிடுங்கன்னு சொல்லாதிய, வாங்கன்னு சொல்லுங்க. எதுக்கு வரணும்னும் சொல்லுங்க."

மெல்கியோர் மடியில் செருகியிருந்த கல்லறைச் சாவியைத் தடவிக்கொண்டார்.

"சாவி கல்லறக் கேட்டுக்குத்தான இருக்கு" என்றாள் அவள். "வழிக்கு இல்லியே. நான் கொண்டு போறேன். கேட்டுக்கு முன்னால வச்சிட்டு ஒக்காந்திருக்கேன், நீங்க தெறக்கிற வரைக்கும். மழை வந்தாலும் சரி, நாத்தம் எடுத்தாலும் சரி. ஒங்க தம்பிதான, நீங்களும் வந்து பாத்துக்கிடுங்க."

தூம்பா கிடையாது, அதனால் அவன் கிடந்த நார்க்கட்டிலையே பாடையாக்கினார்கள். முன்பக்கம் தேவராசும் செலினும், பின்பக்கம் மெற்றில்டாவும் ஆரோக்கியநாதரும். பெண்கள் பாடை தூக்குவது எங்கள் ஊரில் வழக்கம் இல்லை, புனிதர்கள் தூக்குவதும் வழக்கம் இல்லை. வெயில் ஏறிய நேரத்தில் படலைத் திறந்து அவர்கள் வெளியே வந்தார்கள். முன்னால் மரநாய் நடந்தது. டொக் டொக் என்ற சத்தத்தைத் தவிரத் தெருவில் வேறு சத்தம் இல்லை.

இங்கேதான் ஆரோக்கியநாதருடைய உயரம் காரியத்தைக் கெடுத்தது, அல்லது காரியத்தைச் செய்தது. தேவராசு நல்ல வளர்த்தி, ஐயா ஒரு சாண் குறைவு. அவர் மூலை மட்டும் தாழ்ந்தது. கடற்கரை மணலில் ஒவ்வோர் எட்டுக்கும் கட்டில் சரிய, கஸ்பாரின் உடம்பு அந்த மூலைப்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக நழுவியது. அவர் குதிகாலை உயர்த்தி நடந்தார். தோளில் கட்டில்கால் அழுந்தி, எந்தக் காலத்திலோ எவனோ பூசிய நீலச்சாயம் செதில் செதிலாக உதிர்ந்தது. மரம் முறுகுகிற சத்தம் எங்கள் எல்லாருக்கும் கேட்டது. நாங்கள் பிறந்ததிலிருந்து கண்ணாடிக்குப் பின்னால் வைத்து, தூசி தட்டக்கூடப் பயந்து பயந்து தொட்ட உடம்பு அது. சிலர் பழக்கதோஷத்தில் முழந்தாளிட்டுப் பிரார்த்தனையைத் தொடங்கினார்கள், தொடங்கிய வேகத்திலேயே வெட்கமாகி நிறுத்திக்கொண்டார்கள்.

மெற்றில்டா முந்தானையைத் தலையில் இறுக்கிக் கட்டியிருந்தாள். மூச்சு வாங்கியது. யாரையும் பார்க்கவில்லை, யாரையும் கூப்பிடவும் இல்லை. ஒருமுறை கூப்பிட்டாயிற்று, வருகிறவர் வந்தாயிற்று என்பதுபோல் நேரே கேட்டைப் பார்த்தே நடந்தாள்.

படகு இழுக்கிற பள்ளத்தில் இறங்கும்போது கட்டில் ஒருபக்கமாய்ச் சாய்ந்தது. கஸ்பாரின் விளங்காத வலக்கை கட்டுத்துணியிலிருந்து நழுவி வெளியே தொங்கியது, ஓரத்தில் நின்ற மெல்கியோரின் நெஞ்சில் இடித்தது. சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்குப் பிடித்துக்கொண்டு போன கை. மெல்கியோர் அதைப் பிடித்துக் கட்டிலுக்குள் வைத்தார். அடுத்த எட்டில் மறுபடியும் விழுந்தது, மறுபடியும் வைத்தார். அப்படியே கட்டிலோடு நடந்துவிட்டார். பிறகு ஆரோக்கியநாதருக்குப் பின்னால் போய், கட்டில்காலுக்குக் கீழே தன் தோளைக் கொடுத்தார்.

"தள்ளிக்கிடுங்கய்யா" என்றார், அழுதுகொண்டே. "எந்தம்பி. நான் தூக்குதேன்."

கட்டில் சமமாயிற்று. ஆரோக்கியநாதர் உடனே போய்விடவில்லை, சுற்றிவந்து மெற்றில்டாவின் பக்கம் கைகொடுத்தார். ஏலக்கார வாஸ் ஓடிவந்து அவள் தோளை விடுவித்தான். அவர் செலினிடம் போனார், அங்கேயும் ஓர் ஆள் வந்தான். தேவராசிடம் போனார், அங்கே இரண்டு பேர் முட்டிக்கொண்டு வந்தார்கள். இனிப் பிடிக்க மூலை இல்லை என்றானதும், அவர் அங்கியிலிருந்த மணலைத் தட்டிவிட்டு, நாயைப் பார்த்துத் தலையசைத்து, நாங்கள் கல்லறைத் தோட்டத்தை நோக்கிப் போக அவர் கோயிலை நோக்கி நடந்தார். அவர் போவதை யாரும் நின்று பார்க்கவில்லை, எல்லாருக்கும் தோளில் வேலை இருந்தது.

கேட் பூட்டிக் கிடந்தது. இரண்டு கையாலும் கட்டில்காலைப் பிடித்திருந்த மெல்கியோர் திரும்பிப் பார்க்காமலே கத்தினார். "மடியில சாவி இருக்கு, எவனாச்சும் எடுத்துத் தெறங்கலே!"

வேப்பமரத்தடியில் அம்மாவுக்கு வடக்கே குழி வெட்டினோம். தேவராசு தன் சபை முறைப்படி குழியை அர்ப்பணித்துச் செபம் சொன்னார். ரெமிஜியுஸ் அடிகள் வெயிலில் வெறுந்தலையோடு நின்று கேட்டார், முடிந்ததும் தன் செபத்தைச் சொன்னார், அவர்களும் நின்று கேட்டார்கள். கோயில் மணியை யார் போய் அடித்தார்கள் என்று கமிட்டி பிறகு விசாரிக்கவில்லை.

கொடியேற்றத்தன்று ஆரோக்கியநாதர் பீடத்தில்தான் இருந்தார். தோளில் சாயம் போய் வெறும் மரம் தெரிந்தது, காலில் மணல் ஒட்டியிருந்தது. சாயம் பூச வந்த ஆளை மெல்கியோர் டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார். விலக்கை எடுத்ததாகத் தீர்மானம் ஒன்றும் போடவில்லை, அதைப்பற்றிப் பேசத்தான் யாருக்கும் முகம் இல்லை. மெற்றில்டா மார்மனாகவே இருக்கிறாள், பட்டினி ஞாயிறில் பட்டினி கிடக்கிறாள், சப்பரத்துக்கு வருவதில்லை. நாங்களும் மெழுகுதிரி கொளுத்துவதை விடவில்லை, விடவும் மாட்டோம். கரையில் நிற்கிறவர் வேண்டும்தானே.

ஆனால் எழுந்து நடக்கமுடியாத ஆள் கிடக்கிற வீடுகள் ஊரில் இன்னும் சில உண்டு. காலையில் மெல்கியோர் தம்பி வீட்டுப் படலில் வந்து, "இன்னைக்கு எந்த வீடு?" என்று கேட்கிறார். மெற்றில்டா விரிப்பைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்புகிறாள். கோயிலைத் தாண்டும்போது மெல்கியோர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்கிறார், அவள் போடுவதில்லை. வாசலுக்கு நேராக ஒரு நொடி நின்று, பீடத்தைப் பார்த்துச் சத்தமாகவே சொல்லிவிட்டுப் போகிறாள்:

"இன்னைக்கு ஆள் இருக்கு சகோதரரே. நீங்க நில்லுங்க."